எண்ணிக்கை கேட்பார்கள், பாப்பா

தேவதானம்

அன்புள்ள பாப்பாவுக்குப் பெரியம்மா எழுதுவது.

உன் திட்டத்தை முழுக்கப் படித்தேன். மூன்று மாதத்தில் நாற்பது பள்ளி, ஒரு நாளைக்கு இருநூறு பிள்ளைகள், ஒன்றரை மணி நேரத்தில் ஆறு கூடம், கடைசியில் வினாடி வினா, சான்றிதழ், வாசலில் ஒரு குரூப் போட்டோ. மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு இவ்வளவு யோசித்திருக்கிறாய், சந்தோஷம். உன் மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். பேப்பரில் படமும் வந்துவிடும். நடக்குமா என்று நீ கேட்டிருந்தால், நடக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பேன். சரியா என்று கேட்டுவிட்டாய்.

சரியில்லை. மியூசியத்துக்கு வரும் ஒரு பிள்ளைக்கு உன்னால் கொடுக்க முடிந்தது இரண்டே இரண்டு: ஒரு பொருளின் முன்னால் அவசரமில்லாமல் நிற்கக் கொஞ்ச நேரம்; பார்த்ததைத் தன் வாயால் சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள். ஒன்றரை மணியில் ஆறு கூடம் என்றால் இரண்டும் போச்சு. மிச்சம் இருப்பது நடைதான். வரிசை குலையாமல் நடக்க வைப்பதில் நம் பி.டி. சார்களை மிஞ்ச ஆள் கிடையாது, அதற்கு நீ எதற்கு?

எண்ணிக்கை கேட்பார்கள் என்பது டிராயிங் டீச்சராக வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா? மரம் நடு விழா என்றால் எத்தனை கன்று நட்டீர்கள் என்று படிவம் வரும். எத்தனை பிழைத்தது என்று கேட்டு வந்த படிவத்தை நான் பார்த்ததில்லை. படிவத்தில் எண்ணை எழுதிக் கொடு, அது உத்தியோகம். ஆனால் அந்த எண்ணையே வேலை என்று நம்பிவிடாதே.

கூட்டம் சேர்ப்பது ஒன்றும் புதுச் சாதனையும் இல்லை. எழும்பூர் மியூசியம் 1851இல் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு டாக்டர். 1855 வாக்கில் அந்த வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களைக் கொண்டுவந்து வைத்தார், ஜனம் மொய்த்தது. சில வருஷத்தில் மிருகங்கள் மட்டும் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. அதை 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூரைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள் பட்டணத்து ஜனங்கள். பொங்கலுக்கு மறுநாள்களில் சுற்றுவட்டாரம் முழுக்க மியூசியத்தில் கிடக்கும். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நம் ஆட்கள் மியூசியத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வந்தவரிடம் 'என்ன பார்த்தீர்கள்' என்று கேட்டவர்கள்தான் குறைவு.

'ஒரு தடவை வந்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது' என்றும் எழுதியிருக்கிறாய். இதற்கு ஊகம் வேண்டாம், ஒரு கணக்கே இருக்கிறது. அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பென்டன்வில் என்ற சின்ன ஊரில் 2011 நவம்பரில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். சுற்றிலும் பெரிய மியூசியம் எதுவும் பார்த்திராத ஊர்கள். பள்ளிகளுக்கு இலவசம் என்றதும் இடம் கொள்ளாத அளவுக்கு மனுக்கள் வந்துவிட்டன. யாரை முதலில் அழைப்பது என்று குலுக்கல் போட்டார்கள். அந்தக் குலுக்கலே ஆராய்ச்சிக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது. போன பிள்ளைகளையும், பெயர் விழாமல் காத்திருந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். 123 பள்ளிகள், கிட்டத்தட்ட 11,000 மாணவர்கள். போய்வந்த பிள்ளைகள், அதுவரை பார்த்தே இராத வேறொரு ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, கூர்ந்து பார்த்து, காரணம் சொல்லி எழுதினார்கள். கிராமத்துப் பிள்ளைகளிடமும் ஏழைப் பிள்ளைகளிடமும் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

எப்படி நடந்தது? ஒரு மணி நேரம், ஐந்து ஓவியம் போல. கூட வந்தவர் கொஞ்சமாகச் சொன்னார். மீதி நேரம் பிள்ளைகள் பேசினார்கள். மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிற ஒரு காட்சி, ஈஸ்ட்மன் ஜான்சன் வரைந்தது. அடிமைகளை வதைத்து விளைவித்த கரும்புச் சர்க்கரை வேண்டாம் என்று அடிமை முறையை எதிர்த்தவர்கள் இப்படித் தாங்களே சர்க்கரை காய்ச்சினார்கள் என்ற சேதியைப் படத்தின் முன்னால் வைத்தே சொன்னார்கள். வாரங்கள் கழித்துக் கேட்டபோது, அதைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு அது நினைவிருந்தது. யாரும் பரீட்சை வைக்கப்போவதாகச் சொல்லவில்லை, குறிப்பு எடுக்கச் சொல்லவும் இல்லை.

ஆகவே ஒரே ஒரு தடவைகூடப் பலிக்கும். எத்தனை முறை வந்தார்கள் என்பதைவிட, வந்த அந்த ஒரு மணி நேரம் எப்படிக் கழிந்தது என்பதுதான் விஷயம். உன் ஆறு கூடத்தை ஒரு கூடமாக்கு. அந்தக் கூடத்திலும் ஐந்து பொருள். இருநூறு பிள்ளைகளை நாற்பதாகப் பிரி. உன் காகிதத்தில் நான் அடிக்கும் முதல் சிவப்புக் கோடு இதுதான்.

சரி, ஒரு பொருளின் முன்னால் நிறுத்திவிட்டாய். பிறகு? நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1983இலிருந்து 1993 வரை கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பிலிப் யெனவைன், அபிகெயில் ஹௌசன் என்ற உளவியல் ஆய்வாளரோடு சேர்ந்து மூன்று கேள்விகளை வைத்தே ஒரு முறையை உண்டாக்கினார். நம் வாயில் சொன்னால் இவ்வளவுதான்: இதுல என்ன நடக்குது? எதைப் பாத்து அப்படிச் சொல்றே? இன்னும் என்ன தெரியுது? உலகம் முழுக்க இதைப் பின்பற்றுகிறார்கள். இரண்டாவது கேள்விதான் உயிர். ஆனால் நம் வகுப்பறையில் பழகிய பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டதும், 'தப்பாச் சொல்லிட்டோம் போல' என்று வாயை மூடிக்கொள்ளும். 'எதைப் பார்த்து' என்று டீச்சர் கேட்டாலே தப்பு என்று அர்த்தம், அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறோம். அதனால் முதல் பத்து நிமிஷம் சரியான பதிலையும் அதே குரலில் 'எதைப் பார்த்து?' என்று கேள். அப்புறம் பார், கை தூக்குவதை நிறுத்த மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறும் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தால், இந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று நம் பிள்ளைகள் முடிவு கட்டிவிடும். பார்ப்பதால் மட்டும் தெரியாத சேதிகளை, அவர்கள் பார்த்து முடித்த பிறகு, சுருக்கமாக நீ சொல்லத்தான் வேண்டும். வரிசை முக்கியம். முதலில் அவர்கள், பிறகு நீ.

இதைப் பழகிப் பார்க்கப் பிள்ளைகள் மியூசியத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குப் போ. வெட்டுவான் கோயில், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மூன்று பக்கமும் வெட்டி இறக்கி, நடுவில் நின்ற ஒற்றைப் பாறையை உச்சியிலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலே விமானம் முழுசாக மலர்ந்து நிற்கிறது. கீழே வரவர வேலை முடியாமல், உளி பட்ட பாறையாகவே நின்றுவிடுகிறது. கட்டி முடித்த கோயிலில் பிள்ளைகளுக்கு வேலை எப்படி நடந்தது என்று காட்டவே முடியாது. இங்கே சொல்லிக்கொடுக்காமலே தெரியும். 'வீடு கட்டும்போது எங்கே ஆரம்பிப்பார்கள்?' என்று மட்டும் கேள். அஸ்திவாரம் என்பார்கள். 'இங்கே?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. எவனாவது ஒருத்தன் அண்ணாந்து பார்த்துக் கத்துவான். மேலே தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதை நீ காட்டாதே, அவர்கள் கண்டுபிடிக்கட்டும். எதற்காக வேலையை நிறுத்தினார்கள் என்று கேட்பார்கள். உறுதியாகச் சொல்ல யாருக்கும் தெரியாது என்பதை அப்படியே சொல். பெரியவர்களுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே நான் இன்னும் நாலு தடவை அந்த மலை ஏறுவேன், முழங்கால்தான் ஒத்துழைக்காது.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் புத்தகம் எதிலும் இதற்கு வழி இருக்காது. செப்புத் திருமேனிக் கூடத்துக்குள் நம் பிள்ளைகள் நுழைந்தால் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கூட வரும் ஆச்சி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருவாள், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் காசு வைப்பாள். காவலர் அதட்டுவார். நீ அதட்டாதே, சிரிக்கவும் செய்யாதே. அது கோயிலில் இருந்தபோது பட்டும் மாலையுமாக மூடிக்கிடந்தது, முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். இங்கே இடுப்பின் ஒசிவும் விரலின் மடிப்பும் முதுகும் தெரிகிறது. கும்பிட்டு முடிக்கட்டும். பிறகு, 'நம்ம கோயில்ல இருக்கிற அம்மனோட முதுகைப் பாத்திருக்கீங்களா ஆச்சி?' என்று கேட்டு மெதுவாகப் பின்பக்கம் கூட்டிப் போ. அவள் சொல்லும் சேதிகளை எழுதி வைத்துக்கொள். அலங்காரம், அபிஷேகம், எந்தக் கையில் எதைச் சாத்துவார்கள் என்பதெல்லாம் கேட்டலாக்கில் கிடைக்காது.

அந்தத் திருமேனிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பிள்ளைகளிடம் சொல். 1878இல் வெள்ளைக்காரன் புதையல் சட்டம் போட்டான். மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் கிடைத்த செப்புச் சிலைகள் அந்த வழியாகத்தான் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர், 1011இல் செய்தது, தலைப்பாகை மாதிரி சடையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாரே, அவரும் திருவெண்காட்டு மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தவர்தான். இன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதில் பாதி, ஒரு காலத்தில் எவனோ ஒரு சம்சாரியின் மண்வெட்டியில் 'ணங்' என்று மோதியது. பெயர்ப் பலகையில் ஊர் பெயர் இருக்கும், தோண்டியவன் பெயர் இருக்காது. உன் அலுவலகத்தில் வரவுப் பதிவேடு இருக்குமல்லவா, அதை எடுத்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஊர் ஏதாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் அந்தப் பொருளின் படத்தை எடுத்துக்கொண்டு முதலில் அந்த ஊருக்குப் போ. ஒரு ஊருக்கு அதைவிடப் பெரிய அழைப்பிதழ் கிடையாது.

ஆமாம், படம் போதும். முதல் சந்திப்புக்குப் பொருளே வர வேண்டும் என்பதில்லை. பிரான்ஸ் தேசத்துச் சிற்பி ரோதான் எழும்பூர் நடராஜரைப் பற்றி 1913இல் ஒரு கட்டுரை எழுதினார், அது 1921இல் அச்சானது. அவர் சென்னைப் பக்கமே வந்ததில்லை. யாரோ காட்டிய போட்டோக்களை வைத்துக்கொண்டே, தோள் எப்படி, கால் எப்படி என்று கண்ணை எடுக்காமல் பார்த்து எழுதினார். நல்ல படம் பெரிய அளவில், ஏ3 தாளில், லேமினேட் செய்து பத்துக் கொண்டு வந்தால் இங்கே ஒரு வருஷம் ஓட்டலாம். புரொஜெக்டர் வேண்டாம். கரண்ட் போகும், ஜன்னலுக்குத் திரை இருக்காது, அதைவிட, கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்க முடியாது.

இனி நம் ஊர். பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப்போகும் முன்பு, நீ இங்கே வந்து உட்கார வேண்டும். மதுரைக்குப் போகவே பஸ்ஸில் காலைப் பொழுது கழிந்துவிடும். சென்னை என்றால் பொதிகையில் ஒரு ராத்திரி. அவ்வளவு தூரம் வருகிறவர்கள், ஒன்றும் தெரியாதவர்களாக வந்து வாயைப் பிளக்கக் கூடாது. தங்களுக்கும் பார்க்கத் தெரியும் என்ற தெம்போடு வர வேண்டும்.

இங்கே எதை வைத்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறாய். நம் கோயிலையே எடுத்துக்கொள்ளேன். பாண்டிய நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். நெருப்பை வரையச் சொன்னால் எந்தப் பிள்ளையும் வரைந்துவிடும், தண்ணீரையும். காற்றுக்குக் கொஞ்சம் யோசிக்கும். ஆகாயத்தை வரையச் சொல்லிப் பார். நீலத்தைப் பூசிவிட்டு மேகமும் பறவையும் போட்டுக் கொண்டு வருவார்கள். 'மேகம் ஆகாயமா? பறவை ஆகாயமா?' என்று கேட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெற்றுத் தாளோடு நிற்பார்கள். சிதம்பர ரகசியத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசவும்தான்.

அடுத்தது, தமிழ்நாடு அரசு முத்திரை. பாடப்புத்தகத்து அட்டையில் இருக்கிறது, தாலுகா ஆபீஸ் போர்டில் இருக்கிறது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்று நம் ஜில்லாவில் கைக்குழந்தைகூடச் சொல்லும். 1949இல் அதை வரைந்த கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர், மீனாட்சி கோயில் மேலக் கோபுரத்தை வைத்துத்தான் வரைந்தார் என்று இன்னொரு பேச்சும் உண்டு. நீ தீர்ப்புச் சொல்லாதே. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் பதினோரு நிலை, 192 அடி. மதுரை மேலக் கோபுரம் ஒன்பது நிலை. இரண்டின் படத்தையும் முத்திரையின் பெரிய பிரதியையும் கொடு. நிலைகளை எண்ணட்டும், சரிவை ஸ்கேல் வைத்துப் பார்க்கட்டும், சண்டை போடட்டும். ஊர்ப் பெருமையை ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணை நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று பெரியவர்களுக்கே அப்போதுதான் தெரியும். ஆடிப்பூரத் தேருக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்களே, அதற்கு முந்தின வாரம் இதை வைத்துக்கொண்டால் தேர் பார்க்கப் போகிற பிள்ளைகள் கோபுரத்தடியில் நின்று எண்ணும்.

வெம்பக்கோட்டையை மறந்துவிடாதே. விஜயகரிசல்குளத்தில் வைப்பாற்றுக் கரையில் 2022 மார்ச்சில் தோண்ட ஆரம்பித்து மூன்று கட்டமாக நடந்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை எல்லாம் வந்தன. மாணவர்கள் போய்ப் பார்த்தால் முதலில் தங்கத்தைத்தான் தேடுவார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீ காட்ட வேண்டியது தக்களி. நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்னச் சுடுமண் வில்லை, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் அம்மா ஷிப்டு பார்க்கிற பிள்ளையிடம் அதைப் பற்றிக் கேள். கதிரில் நூல் எப்படி முறுக்கேறுகிறது என்று அம்மாவிடம் கேட்டு வரச் சொல். மறுநாள் அந்தப் பிள்ளைதான் உனக்குப் பாடம் எடுக்கும்.

பெரியவர்களை வரவழைப்பது பற்றி உன் திட்டத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: 'பொதுமக்களும் பங்கேற்கலாம்.' அப்படி எழுதினால் ஒருத்தரும் வர மாட்டார்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யோசிக்க வேண்டும். எழும்பூரில் எட்கர் தர்ஸ்டன் பொறுப்பில் இருந்த காலத்தில், திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்கள் ஆண்களுக்கு நடுவில் வர மாட்டார்கள் என்பதைக் கவனித்து, மாதத்தில் ஒரு நாளைப் பெண்களுக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். அந்த மனுஷன் ஜனங்களின் மண்டையை அளந்த அளவுக்கு மனசை அளந்தாரா என்பது வேறு பேச்சு, ஆனால் அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. இன்றைக்கு நம் பக்கம் யார் வர முடியாது? தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற பெண்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள். பீஸ் கணக்கில் கூலி. வேலை நாளில் நீ நாலு மணிக்குக் கூட்டம் போட்டால், வருகிறவளுக்கு அது காசு நஷ்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வை. வந்தால் அவர்களிடம் சிலைகளின் துணி மடிப்பைக் காட்டு. கொசுவம் எங்கே விழுகிறது, முடிச்சு எப்படி என்று தைக்கிறவள் பார்க்கிற மாதிரி எந்தப் பேராசிரியரும் பார்க்க மாட்டார். நம் சாமி பெயரே நச்சாடை தவிர்த்தவர். பகைவன் விஷம் தோய்த்து அனுப்பிய ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்தார் என்று தலபுராணம். துணியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு மண்டபம் இருக்கிறது, நீயே பார்த்திருக்கிறாய். நல்ல மனசோடுதான், வாடகை வேண்டாம் என்று கொடுப்பார்கள். வாங்காதே. எந்த மண்டபத்தில் வைக்கிறாய் என்பதிலேயே யார் வர மாட்டார்கள் என்பது முடிவாகிவிடும். பள்ளிக்கூடத்தில் வை, இல்லையென்றால் நூலகத்தில். ராஜபாளையத்தில் வைப்பதானால் காந்தி கலை மன்றத்தைக் கேட்டுப் பார்க்கலாம். சென்னை ராஜதானிக்கு முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா, தான் குடியிருந்த வீட்டையே கலைக்காகக் கொடுத்த இடம் அது. எத்தனை முதலமைச்சர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தவரை விரலை மடக்கிப் பார்த்தேன், இரண்டாவது விரலுக்கு வேலை வரவில்லை.

வருகிறவர்களை வெறுங்கையோடு வரச் சொல்லாதே. வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பழைய காலண்டர் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல். கோவில்பட்டியில் இருந்த கொண்டைய ராஜு, 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குச் சீன் வரைந்துகொண்டே ஊர் ஊராகப் போனவர், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளில் எல்லாம் ஏறி உட்கார்ந்தார்கள். 1976இல் அவர் போய்விட்டார். படங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. மூலையில் கையெழுத்து இருக்கிறதா பார்க்கச் சொல், பின்னால் இருக்கும் திரைச்சீலையையும் தூணையும் பார்க்கச் சொல். நாடக மேடை அதிலேயே தெரியும். காலண்டர் படமெல்லாம் கலையா என்று உன் அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மியூசியத்தில் இருப்பதை மட்டும் கலை என்று சொல்லிக்கொடுத்தால், இந்த ஜனங்கள் வாழ்நாளெல்லாம் எதையுமே பார்க்கவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதைக் கேட்டுவிட்டு உன் மியூசியத்துக்கு யார் வருவார்கள்?

இப்போது வேலையைச் சொல்கிறேன். முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிவிடு, அது இல்லாமல் எந்த ஹெச்.எம்.மும் கேட்டைத் திறக்க மாட்டார். ஆனால் ஹெச்.எம்.மைப் பார்த்த கையோடு பகுதி நேர ஓவிய ஆசிரியர் யார் என்று விசாரி. 2012இல் எடுத்தார்களே, வாரத்தில் மூன்று அரைநாள் வேலை என்று, அவர்கள்தான். குறைந்த சம்பளம், பள்ளிக்கூடத்தில் மரியாதையும் குறைவு. உன் திட்டத்தில் அவர்கள் பெயரைப் போட்டு, அவர்களுக்குத் தனியாக ஒரு நாள் பயிற்சி வை. நீ சென்னைக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் இங்கேதான் இருப்பார்கள். நாற்பது பள்ளியை எட்டாகக் குறை. எட்டுக்கும் மூன்று தடவை: ஒன்று நீ இங்கே வருவது, ஒன்று அவர்கள் அங்கே வருவது, ஒன்று நீ மறுபடி வந்து, பார்த்ததைப் பற்றிக் கேட்பது. மூன்றாவது தடவைக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள், அதனால் அதை முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிவிடு.

இன்னொரு சின்ன ஏற்பாடு. ஆர்கன்சாஸ்காரர்கள் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும், வீட்டாரோடு மறுபடி வர ஒரு இலவசச் சீட்டுக் கொடுத்தனுப்பினார்கள். போகாத பிள்ளைகளிடமும் அதே மாதிரிச் சீட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள்; போய்வந்த பிள்ளைகளின் குடும்பங்கள் 18 சதவீதம் கூடுதலாக வந்தன. நீயும் ஒரு சீட்டு அச்சடி. சான்றிதழுக்கு ஆகும் காசில் பாதிகூட ஆகாது.

உன் மேலதிகாரிக்கு எண்ணிக்கை குறைந்துபோகுமே என்றால், எட்டுப் பள்ளி மூன்று தடவை, இருபத்துநாலு நிகழ்ச்சி என்று எழுது. பொய் இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பிள்ளைகள் வாயால் சொன்னதில் பத்து வரியைப் பின்னால் இணைத்து அனுப்பு. ஒரு ஆபீசர் படிப்பார், ஒருத்தர் படிக்க மாட்டார், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் வராதே, எந்த வாத்தியாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். லீவு முடிந்து இரண்டாவது வாரம் சரியாக இருக்கும். ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கி எனக்கு ஒரு போன் போடு. கழுகுமலைக்குக் காலை ஏழு மணிக்கே ஏறிவிட வேண்டும், வெயில் வந்தால் பாறை சுடும். லேமினேட் படங்களில் திருவெண்காட்டு ரிஷபவாகனரின் பின்பக்கம் ஒன்று இருக்கட்டும், மறந்துவிடாதே. உங்கம்மாவிடம் ரசப்பொடி கேட்டிருந்தேன், அதையும்.

அன்புடன்,
பெரியம்மா